பழைய கேரவன் வேன்: கட்டிலைப் பார்க்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஆழ்வார்பேட்டையில் அடுக்ககம் ஒன்றில் வசிக்கிறோம். கோயில் கோயிலாகப் போய்வர ஒரு சிறிய கேரவன் வாங்க ஆசை. பெங்களூரில் ஒருவர் 2012-ல் பதிவான டெம்போ டிராவலரை இரண்டு படுக்கை, சமையல் மேடை, கூரையில் ஏ.சி., உள்ளே ஜெனரேட்டர் எல்லாம் வைத்து மாற்றியிருக்கிறார். ஏழு லட்சம் கேட்கிறார். ஆர்.சி.யில் ‘ஆம்னி பஸ், சொந்த உபயோகம், 12 இருக்கை’ என்று இருக்கிறது. “ஃபார்ம்களில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பேரை மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்” என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, ஆழ்வார்பேட்டை

பதில்: இப்போது இருக்கிற நிலையில் வாங்காதீர்கள். வண்டி மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆர்.சி.யில் இருக்கும் வண்டி ஒன்று, அவர் உங்களிடம் காட்டிய வண்டி வேறொன்று. அதுதான் சிக்கல்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி. விவரங்கள் ஆகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதைக் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தி எழுதப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். “மாற்றியது நான் இல்லையே” என்று நீங்கள் வாதாடலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த வாதம் உங்களுக்குப் புது ஆர்.சி. வாங்கித் தராது. 2012-ல் பதிவான வண்டிக்குப் பதினைந்து ஆண்டு 2027-ல் முடிகிறது. புதுப்பிக்க ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்தும்போது, பன்னிரண்டு இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் கட்டிலும் அடுப்பும் இருக்கும்.

அதற்காகக் கேரவனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2004 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனைப் போக்குவரத்து அல்லாத வாகனங்களில் சேர்த்திருக்கிறது. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரநிலையும் உண்டு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் எங்கே? இருந்தால் நகலைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் பெயரிலேயே, அவர் செலவிலேயே, பெங்களூரிலேயே ஆர்.சி.யில் ‘கேம்பர் வேன்’ என்று மாற்றித் தரட்டும். அது முடியாது என்றால், அவரால் முடியாதது சென்னையில் உங்களாலும் முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் மாற்றத்தை மெதுவாகச் செய்யலாம் என்பதையும் ஏற்காதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு சொல்கிறது. அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் ஃபார்ம் 29, 30 மட்டும் போதாது. வேறு மாநில வண்டி என்பதால் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி. வேண்டும், கடன் இருந்திருந்தால் ஃபார்ம் 35-ம் வேண்டும். தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டியிருக்கும். ஏழு லட்சத்தோடு அதையும் கூட்டிப் பாருங்கள். பேர் மாற்றம் தள்ளிப்போனால் விற்பவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், பேர் மாற்றத்துக்கு அவரே அவசரப்படுவார்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாக உங்களுக்கு வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து நிறுவனத்தின் ஒப்புதலோடு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்போது அடுப்பு, ஜெனரேட்டர், ஏ.சி. எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்த வண்டி எரிந்தால் ஒரு பைசாகூட வராமல் போகலாம்.

ஜெனரேட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் மனம் பதறியது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் ஏ.சி. போட்டுப் படுத்த இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டித் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. எனவே பாயைத் தூக்கி, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தரைத்தகட்டைப் பாருங்கள். ஒயர் போட்ட துளைகள் மூடப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளேயே ஜெனரேட்டர் என்றால், அதை எடுத்துவிடாமல் ஒரு ராத்திரிகூட அதில் தூங்காதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் கடன், நிலுவை அபராதம் தெரியும். கணவருக்குக் கார் லைசென்ஸே போதும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டி இது. வடக்கே பயணம் போகும் நினைப்பிருந்தால் டெல்லி வழி வேண்டாம். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கு அங்கே கெடுபிடி உண்டு.

உங்கள் அடுக்ககத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் என்றால் ஏ.சி.யோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்துவிடுங்கள். தெருவில் விட்டால், பொது இடத்தில் ஆளில்லாமல் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கும் வண்டியை அப்புறப்படுத்தப் போலீஸுக்கு 127-வது பிரிவு அதிகாரம் தருகிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்த வண்டிமேல் மனசு இருந்தால், சிறு முன்பணம் மட்டும் வங்கி வழியாகக் கொடுங்கள். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, சேசிஸ் எண், இன்ஜின் எண், உள்ளே உள்ள பொருட்கள் எல்லாம் பட்டியலிடுங்கள். குறிப்பிட்ட தேதிக்குள் ஆர்.சி. திருத்தமும் என்.ஓ.சி.யும் கைக்கு வராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். மீதிப் பணம், திருத்திய ஆர்.சி.யை நேரில் பார்த்த பிறகு.