ஓட்டையை அடைக்கப் பட்டி போதுமா?

கேள்வி: பழைய மாருதி 800 காரின் டிக்கி கதவிலிருந்த ஸ்பாய்லரைக் கழற்றிவிட்டேன். நான்கு ஓட்டைகள் நிற்கின்றன. பட்டி வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். பட்டி மேடுபள்ளத்தை நிரவத்தான். ஓட்டையை அடைக்க அல்ல. பின்பக்கம் வழியாக ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துரு ஏறும். முதலில் பெயிண்ட் கொப்புளிக்கும், பிறகு பட்டி வில்லையாகப் பெயர்ந்து விழும்.

நல்ல டிங்கரிடம் மிக் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஓட்டையைச் சுற்றி வெறும் தகடு தெரியும்வரை தேய்த்து, அளவாக வெட்டிய தகட்டுத் துண்டை வைத்து, பொட்டுப் பொட்டாகப் பற்றவைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டுக்கும் இடையே சூடு ஆறட்டும். மெல்லிய தகடு, அவசரப்பட்டால் நெளிந்துவிடும். கேஸ் வெல்டிங்கில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பொறி பட்டால் கண்ணாடி பாழாகும்; மூடிவைப்பது அவசியம். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

பிறகு சமப்படுத்தி, எபாக்சி பிரைமர் அடித்து, மெல்லிசாகப் பட்டி இழுத்தால் போதும். கதவின் உட்புறத்திலும் பிரைமர் அடித்தார்களா என்று நீங்களே பாருங்கள். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள், துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

வெல்டிங்குக்கு இப்போது வசதியில்லை என்றால், ஓட்டை விளிம்பில் பிரைமர் தடவி, அளவான ரப்பர் அடைப்பானைச் செருகுங்கள். தண்ணீர் இறங்காது.