சாயத்துக்கு அடியில் பசி

சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகன் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. போன தடவை போயிருந்தபோது அதில் புதிதாக ஒரு கோனியோபோரா பவளம் இருந்தது. ஹைலைட்டர் பேனாவின் மஞ்சள். “கலர் எப்படி இருக்கு மச்சான்?” என்றான். கிட்டே போய்ப் பார்த்தேன். பூவாக விரிந்த ஒவ்வொரு பாலிப்பிலும் 24 விரல்கள். விரல் நுனி, தண்டு, நடுவே இருக்கும் குட்டி வாய், அடியிலிருக்கும் சுண்ணாம்புக் கூடு வரைக்கும் ஒரே மஞ்சள். வாங்கி வந்த பிளாஸ்டிக் பை இன்னும் பக்கத்திலேயே கிடந்தது. அதன் மூலையில் தேங்கியிருந்த தண்ணீரும் வெளிர்மஞ்சளாக இருந்தது.

ஐந்தாவது வாரம் வெறும் கூடுதான் மிச்சம் என்று போனில் சொன்னான். அந்த மஞ்சள் வெறும் சாயம். இப்படிச் சாயம் ஏற்றிய பவளங்களைப் பற்றி அவன் நம்பியதையும், இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் மற்றவர்கள் என்னிடம் சொன்னதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

“பாறைதானே, கல்லுக்குச் சாயம் அடித்தால் என்ன?”

பாறை, அந்த உயிர் கட்டிக்கொண்ட வீடு. கட்டியது ஜெல்லிமீனுக்கு உறவான ஒரு விலங்கு. அதற்கு வாய் உண்டு, வயிறு உண்டு, இரை பிடிக்கும் விரல்களும் உண்டு.

“உணவில் போடுகிற சாயம்தான், ஒன்றும் செய்யாது.”

பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற நச்சுச் சாயம் இருக்கிறது என்று தெரிந்ததும் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதன் விற்பனைக்குத் தடை போட்டது. மிட்டாய்க்காவது சோதனைக்கூடம் இருக்கிறது. பவளத்தை முக்கி எடுத்த வாளியில் என்ன இருந்தது என்று விற்பவருக்கே பெரும்பாலும் தெரியாது.

சரி, உணவுச் சாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேடு தீராது. இந்தப் பவளங்களின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன, ஒரு சதுர சென்டிமீட்டரில் பத்து லட்சம் அளவுக்கு. வெளிச்சத்தை வாங்கி அவை சமைக்கும் சர்க்கரைதான் பவளத்துக்குச் சாப்பாடு. தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரை அந்த வழியில் கிடைக்கிறது. தசையில் படிந்த சாயம் அந்த வெளிச்சத்தை மறைக்கிறது. விஷமே இல்லாத சாயமும் அடுப்பை அணைத்துவிடும்.

“நல்ல பவளத்தைத்தான் அழகு பார்க்கச் சாயம் ஏற்றுகிறார்கள்.”

எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது இதுதான். வெள்ளைத் துணியில்தான் சாயம் எடுபடும் என்று எந்தச் சாயப்பட்டறைக்காரரும் சொல்வார். நல்ல தெம்போடு இருக்கும் பவளம் உள்ளே பாசி நிறைந்து பழுப்பாக இருக்கும், அதில் மஞ்சள் ஏறாது. எனவே சாய வாளிக்குப் போவது, பாசியை இழந்து வெளுத்துப்போனது. கடல் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன் பாசிகளை வெளியே தள்ளிவிடும். 2016இல் மன்னார் வளைகுடாவில் அப்படி வெளுத்ததைப் பார்த்தோம். பெட்டிக்குள் இருட்டில் அடைபட்டு நாடு விட்டு நாடு போகும்போதும் அதே கதி நேரலாம்.

வெள்ளையாக வைத்தால் விபரம் தெரிந்தவர் வாங்கமாட்டார். பழைய மீனின் செவுளில் சிவப்பைப் பூசி விற்பதற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம்தான். அந்த மீன் செத்துவிட்டது. பவளம் இன்னும் உயிரோடு பட்டினி கிடக்கிறது.

“சாயம் போனதும் சொந்த நிறம் வந்துவிடும்.”

சாயம் போனதும் தெரிவது வெளுப்பு. வெளுத்த பவளம் செத்த பவளம் ஆகாது, பாசி திரும்பி வந்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு அவகாசம் கொஞ்சம்தான். அந்த அவகாசத்தையும் சாயம் தின்றுவிடுகிறது.

“அப்படியானால் பளிச்சென்று இருப்பதெல்லாம் சாயம்தான்.”

இல்லை. ஒளிரும் புரதங்கள் பவளத்துக்குப் பிறவியிலேயே உண்டு. நீல விளக்கில் பச்சையும் ஆரஞ்சுமாக ஜொலிப்பது அவற்றால்தான். அந்த நிறம் ஒரே சீராக இருக்காது. வாய் ஒரு நிறம், நுனி இன்னொரு நிறம், நடுவில் பழுப்பு என்று மாறும். கூடு வரைக்கும் ஒரே வண்ணமென்றால் சந்தேகப்படுங்கள்.

“சாயம் போட்டது என்று சொல்லியே விற்றால் தப்பில்லையே.”

வாங்குபவரிடம் நேர்மை, அவ்வளவுதான். பவளத்துக்கு அதனால் என்ன கிடைத்தது? தெரிந்தே ஒருவர் வாங்கினாலும் கடையில் காலியான அந்த இடத்துக்கு அடுத்தது சாய வாளியிலிருந்துதான் வரும்.

“நம்ம ஊர்க் கடையிலும் கிடைக்கிறதே.”

கிடைக்கிறது என்பதால் சட்டப்படி சரி ஆகிவிடாது. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. நம் கடலிலிருந்து எடுத்து விற்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. சாயம் ஏற்றியது, ஏற்றாதது என்ற பேதம் அங்கே இல்லை. கூடு மட்டும் இருந்தாலும் குற்றம்தான்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு தெரியாமல் வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம். விளக்கை முதலில் மிதமாக வைத்து நாள்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். நீரோட்டம் முகத்தில் அறையாத மூலையில் வையுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பொடி இறால் குஞ்சுகளைச் சொட்டுக்குழாயில் எடுத்து, விரிந்திருக்கும் வாய்க்கு மேலாக மெதுவாக விடுங்கள். விரல்கள் மடங்கி உள்ளே இழுத்தால், அதற்கு இன்னும் சாப்பிடத் தெம்பு இருக்கிறது.