கான்சாகிபின் படைச் சேவையைத் தேடிக் கொடுக்கும் வேலையா?

பதிப்பகமோ, வெப் சீரிஸ் எடுக்கும் கம்பெனியோ உங்களைக் கூப்பிட்டு, “மருதநாயகம் வெள்ளைக்காரன் படையில் என்னென்ன செய்தார், ஆதாரத்தோடு வேண்டும்” என்று கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் போரிட்ட காலமா, கம்பெனியையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்ற காலமா? இரண்டுக்கும் ஆவணங்கள் வேறு, ஆகும் நாளும் வேறு. எனவே கூலியும் வேறு.

அடுத்தது பெயர். கம்பெனி ஏடுகளில் மருதநாயகம் என்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். மக்கள் வாயில் கான்சாகிபு ஆனவர், அங்கே முகமது யூசுப் கான். அதையும் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்: ஒரு பக்கத்தில் இசூஃப், இன்னொன்றில் உசுஃப். சில இடங்களில் பெயரே இருக்காது, ‘நெல்லூர் சுபேதார்’ என்றோ ‘கமாண்டண்ட்’ என்றோ போட்டிருக்கும். எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடுங்கள்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஓடும் முன் எஸ்.சி. ஹில் 1914இல் வெளியிட்ட யூசுப் கான் வரலாற்றைப் படித்துவிடுங்கள். அவருடைய முடிவுகளை ஏற்க வேண்டியதில்லை. அடிக்குறிப்புகள்தான் உங்களுக்கு வழிகாட்டி. பிறகு ராபர்ட் ஓர்ம் எழுதிய வரலாறு. ஓர்ம் 1750களில் சென்னைக் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர், போரில் நின்றவர்களின் வாய்மொழியும் கம்பெனிக் காகிதமும் அவர் கைக்கு வந்தன. திருச்சிராப்பள்ளிச் சண்டைகள், யூசுப் கான் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தது, 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது யூசுப் கான் வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையைக் குடைந்தது எல்லாம் ஓர்மிடம் கிடைக்கும். ஆனால் அவர் கதை 1761 புதுச்சேரி வீழ்ச்சியோடு முடிகிறது. கலகம் அதில் இல்லை. அவருடைய முதல் பாகம் அச்சான 1763இல்தான் கம்பெனிப் படை யூசுப் கான் இருந்த மதுரையைச் சூழ்ந்தது என்பது வேடிக்கை.

இப்போது எழும்பூர் ஆவணக் காப்பகம். அனுமதிக்கு விண்ணப்பமும் நிறுவனத்தின் கடிதமும் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது ராணுவத் துறையின் ஆலோசனைக் குறிப்புகள், 1752இலிருந்து. தொடக்க ஆண்டுகளின் தொகுதிகள் பழைய மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் காலத்திலேயே அச்சாகிவிட்டன. அவற்றை முடிக்காமல் நொறுங்கும் கையெழுத்துப் படிகளைக் கேட்காதீர்கள். ஒரு நாள் குறிப்பில் யார் யார் கூடினார்கள், எந்தக் கடிதம் வந்தது, என்ன பதில் தீர்மானித்தார்கள் என்று வரிசையாக இருக்கும். கடிதத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு பதிலை விட்டுவிடுவது புதியவர்கள் வழக்கம். பதிலில்தான் கம்பெனி அவரை எவ்வளவு நம்பியது என்பது தெரியும். இங்கே பூச்சி அரித்த பக்கத்துக்காக மனம் உடைய வேண்டாம். கவுன்சில் தன் குறிப்புகளை லண்டனுக்கும் படியெடுத்து அனுப்பியது, அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஓர்மின் சொந்தக் காகிதங்களும் அங்கேதான்.

‘சர்வீஸ் ரெக்கார்டு’ என்று ஒரே ஒரு தாள் கிடைக்கும் என எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பியச் சிப்பாய்க்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. நம்மூர்ச் சிப்பாய் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான். ஆகவே யூசுப் கான் மேலே வருமுன் எங்கே, யாரிடம் இருந்தார் என்பதில் பெரும்பகுதி செவிவழிச் செய்தி. பனையூரில் பிறந்த கதையும் அப்படித்தான். அதைத் தூக்கிப்போட வேண்டாம், தனிப் பத்தியில் வைத்து அப்படியே சொல்லுங்கள்.

தேதியில் வழுக்காதீர்கள். இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அதற்கு முன் ஆங்கிலேயர் எழுதிய நாள், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் எழுதிய நாளைவிட 11 நாள் பின்தங்கியிருக்கும். 1751 ஆர்க்காட்டு முற்றுகை இந்தக் குழப்பத்துக்குள்தான் வருகிறது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்போ தமிழ் மாதத்தையும் தருகிறது. மூலத்தில் உள்ள தேதியை மாற்றாமல் எழுதி, பக்கத்தில் இன்றைய கணக்கைப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு தேதி வேண்டும்: சம்பவம் நடந்த நாள், அதை எழுதிய நாள். திருச்சிராப்பள்ளியில் யூசுப் கானோடு நின்ற கம்பெனித் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இவரை வாயாரப் புகழ்ந்தவர். அதே கம்பெனியின் காகிதத்தில் 1763க்குப் பிறகு இவர் துரோகி. 1764இல் ஒருவர் எழுதும் கடிதம், 1756இல் யூசுப் கான் எப்படி நடந்துகொண்டார் என்பதற்குச் சாட்சியாகாது. மதுரை, நெல்லைச் சீமை வரி யாருக்கு என்பதில் நவாப் முகமது அலிக்கு வழக்கு இருந்தது. அந்த நவாபோ கம்பெனிக்குக் கடன்பட்டவர். எழுதியவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலை மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு எடுத்துக்கொள்ளலாம். படை எண்ணிக்கைக்கு அதை நம்பினால் வம்பு.

முடிவு தெரிந்ததே. 1764 அக்டோபரில் மார்ச்சந்த் என்ற பிரெஞ்சுக்காரர் உள்ளிட்ட உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள், மதுரையில் தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது. தூக்கிலிட்ட நாளை 15 என்று போட்டால் எந்த நூலைப் பார்த்துப் போட்டீர்கள் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

அறிக்கையைக் கதையாக எழுதாதீர்கள், அட்டவணையாகக் கொடுங்கள்: நாள், சம்பவம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், நம்பகம். ‘தேடினேன், இல்லை’ என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும், பார்த்த தொகுதிகளின் எண்ணோடு. இயக்குநர், “இங்கே ஒரு வாள்சண்டை இருந்தா நல்லா இருக்குமே” என்பார். அது அவர் கற்பனை, உங்கள் பெயரில் போக வேண்டாம். கூலியைக் கிடைத்ததற்குப் பேசாதீர்கள், தேடும் நாளுக்குப் பேசுங்கள். நகல் கட்டணம் தனி என்பதையும், உங்கள் பெயர் நூலிலோ திரையிலோ வரும் என்பதையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.