கட்டுரைப் பயிற்சி: காலி வீதியில் ஒரு துவிச்சக்கரவண்டி ஓட்டம்

மாணவர்களே, 1903 இல் ஆரம்பமான 'டூர் டி பிரான்ஸ்' துவிச்சக்கரவண்டி ஓட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்போர் வீரர்களோடு வழியிலுள்ள மலைகளையும் கோட்டைகளையும் காண்கின்றனர். அத்தகைய ஓட்டம் வெள்ளவத்தையிலிருந்து காலி வரை நடப்பதாகக் கற்பனை செய்து கட்டுரை எழுதுவோம்.

குறிப்புகள்:

1. களுத்துறை – களு கங்கை கடலுடன் கலக்குமிடம். ஈரவலயக் காலநிலையால் மங்குஸ்தான் நன்கு விளைகிறது.

2. பேருவளை – கடலோர மேட்டில் கெச்சிமலைப் பள்ளிவாசல். அரபு வணிகத் தொடர்பை நினைவூட்டுவது.

3. அம்பலாங்கொடை – கோலம் நாடகத்துக்கும் சடங்குகளுக்கும் மரத்தில் செதுக்கும் முகமூடிகள்.

4. பெரலிய – 2004 ஆழிப்பேரலையில் ரயிலோடு அள்ளுண்டோருக்கான நினைவிடம்.

5. ஹிக்கடுவை – முருகைக்கற்பாறைகள்.

6. காலி – போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய கோட்டை; 1988 முதல் உலக மரபுரிமை. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின் உணவான லம்பிரைஸை இங்கே குறிப்பிடலாம். அது வாழையிலையில் பொதிந்து சுட்ட சோறும் கறியும்.

கவனிக்க: ஊர்ப்பெயர்களை அடுக்கினால் அது பட்டியல்; 'ஏன் இங்கே?' என்ற காரணத்தைச் சேர்த்தால்தான் கட்டுரை. இங்கு ஊர்களை இணைப்பது கடல். வணிகம், கோட்டை, உணவு, துயரம் யாவும் கடல்வழியே வந்தவை. இதையே முடிவுரையாக்குங்கள்.

பயிற்சி: கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்பு வரையான வழியில் மூன்று இடங்களைத் தெரிவுசெய்து, காரணங்களுடன் எழுதுக.