பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஒரு ஸ்கேல்

கிதார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி நல்லாயிருக்குங்க?" கோவை கணபதியில் எனக்கு லேத் பட்டறை, சாயங்காலமானால் பிள்ளைகளுக்குக் கிதார் வகுப்பு. இரண்டு வேலையும் சேர்ந்து சொல்லித்தந்த பதில்: கம்பெனி இருக்கட்டும், முதலில் அளவைப் பாருங்கள். ஆறாயிரம் ரூபாய் கிதாரை வாங்கிய பிள்ளை விரல் வலித்து நிறுத்திவிட்டால், பெரும்பாலும் காரணம் கம்பி நிற்கும் உயரம். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு மிகக் குறைவு.

கடையில் பார்க்க வேண்டியவை

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல், ஒரு ஃபீலர் கேஜ், போனில் ஒரு டியூனர். முதல் இரண்டும் நம் ஊரில் பட்டறைச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த ஆறாவது கம்பிக்கு இரண்டரை மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. மூன்றரையைத் தாண்டினால் புதிதாகக் கற்பவருக்குத் தண்டனைதான்.

அடுத்து, அதே ஃபிரெட்டில் விரலை லேசாகத் தொட்டு எடுத்து வரும் ஒலியையும், அழுத்தி வாசிக்கும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை ஓட்டினால் ஃபிரெட் முனை கீறக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னொரு சோதனை: பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாதாரண 12-53 ஸ்டீல் செட் ஆறு கம்பிகளும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அத்தனையையும் அந்தப் பசைதான் தாங்க வேண்டும். நைலான் கம்பிக்காகச் செய்த கிளாசிக்கல் கிதாரில் ஸ்டீல் கம்பி மாட்டக் கூடாது என்பதும் இதனால்தான். அது ஏறக்குறைய நாற்பது கிலோ இழுப்புக்குச் செய்தது.

எந்த விலையில் எது

மூன்று, நாலாயிரத்தில் வரும் 38 அங்குலக் கிதார்களில் பீஸுக்குப் பீஸ் வித்தியாசம் அதிகம். ஆன்லைனில் வாங்காமல் கையில் எடுத்து அளந்து வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் யமஹா எஃப்280, எஃப்310 போன்றவை நம்பகமானவை. திரும்ப விற்றாலும் விலை போகும். யமஹா இப்போது சென்னைக்கு அருகே உள்ள தொழிற்சாலையிலும் கிதார் செய்கிறது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பெரிய உடல் வேண்டாம், முக்கால் அளவு போதும்.

பிளைவுட் மேற்பலகை என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். நம் பக்கம் ஐப்பசி மழையில் மரம் ஊதி, கம்பி நிற்கும் உயரமாகிய ஆக்‌ஷன் ஏறும். மாசி, பங்குனி வறட்சியில் சுருங்கும். பிளைவுட் இதைத் தாங்கும். அடுக்கு ஒட்டாமல் முழு மரத்தில் செய்த சாலிட் டாப்புக்கு நல்ல உறையும் கவனமும் தேவை. எதுவாக இருந்தாலும் ஈரோட்டு வெயிலில் கார் டிக்கியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், சூட்டில் பசை இளகும்.

மேம்படுத்தும் வரிசை

முதலில் கம்பி. புதிதாகக் கற்பவருக்கு 10-47 அல்லது 11-52 செட். விரலுக்கும் இதம், பிரிட்ஜுக்கும் இதம்.

இரண்டாவது நெக். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் பதினாலாவதிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டில் ஃபீலர் கேஜை விடுங்கள். கால் மில்லிமீட்டர் இருந்தால் சரி. அதிகமிருந்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கொஞ்சம் முறுக்கலாம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடில். பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பி நீளத்தின் பாதியில் இருக்கிறது. அதனால் அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். கண்ணாடிமேல் எமரி ஷீட்டை ஒட்டி, சேடிலின் அடிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அளந்துகொண்டே போங்கள். அதிகம் போய்விட்டால் புது சேடில்தான். அப்படி மாற்றும்போது பிளாஸ்டிக்குக்குப் பதில் எலும்பு சேடில் போட்டுக்கொள்ளலாம்.

டியூனிங் கீ மாற்றுவது கடைசி. சுருதி நிற்கவில்லை என்றால், கம்பி இரண்டு மூன்று சுற்றாவது ஒழுங்காகச் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தடவுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

புதுசு எப்போது?

வகுப்புக்கு வரும் பாதிப் பேரின் கனவு 'இளைய நிலா' கிதார்தான். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்கு வந்தது; இன்னும் விடவில்லை. அதைச் சீராக வாசிக்க ஆரம்பித்த மாணவி ஒருத்தி, "அண்ணா, இப்ப சாலிட் டாப் வாங்கீரலாங்களா?" என்று கேட்டாள். கடைக்குப் போய், முதுகைக் காட்டி நில், யாரையாவது உன் கிதாரையும் எஃப்ஜி800 போன்ற ஒன்றையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல் என்றேன். எது எது என்று காதுக்குத் தெரிந்தால் வாங்கலாம். தெரியாதவரை அந்தப் பணத்தை வகுப்புக்கும் கம்பிக்கும் போடுவதே லாபம்.