டர்போவா? சூப்பர்சார்ஜரா?



லோடு ஏத்தின லாரி மேட்டில் ஏறும்போது இன்ஜின் உறுமலோடு "உய்ய்ய்" என்று ஒரு விசில் சத்தமும் சேர்ந்து வரும். கேட்டிருப்பீங்க. அது ஹாரன் இல்லை, டர்போ சுத்துற சத்தம். நம்ம வகுப்பில் சில பேர் ரேஸ் கார் வீடியோ பார்த்துவிட்டு "டர்போதான் பெருசு", "இல்ல, சூப்பர்சார்ஜர்தான் பெருசு" என்று தினமும் சண்டை போடுறாங்க. சத்தமா பேசுறவங்க பக்கம் கூட்டம் சேருது. ஆனால் இது கத்தி முடிவு பண்ணுற விஷயம் இல்லை. அறிவியல் பாடத்தில் படிக்கிற அழுத்தம், வெப்பம், ஆற்றல் இந்த மூன்றும் தெரிந்தால் போதும், நாமே முடிவு சொல்லலாம். வாங்க, பார்க்கலாம்.

1. இன்ஜினுக்கு எதன் மேல் பசி?

பெட்ரோல் மேல் என்று நினைப்போம். உண்மையில் காற்றின் மேல்தான் அதிகப் பசி. 1 கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேணும்னாலும் உள்ளே தெளிக்கலாம், அது சுலபம். காற்று பத்தலைன்னா எரியாது. ஈர விறகு வச்ச அடுப்பு மாதிரி புகைதான் வரும். அப்போ அம்மா என்ன செய்வாங்க? ஊதுகுழலை எடுத்து ஊதுவாங்க. இந்தக் கட்டுரை முழுக்கவே அந்த ஊதுகுழல் கதைதான்.

ஒரு சின்னக் கணக்கு. 1.5 லிட்டர் இன்ஜின் என்றால், அதன் எல்லா சிலிண்டரும் சேர்ந்து இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 1.5 லிட்டர் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்று சுத்தினால் 3000 × 1.5 = 4500 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் நாலரை! இவ்வளவும் ஒரே நிமிடத்தில்.

இதுக்கு மேலே சக்தி வேணும்னா இரண்டு வழி. ஒன்று, இன்ஜினைப் பெரிசாக்குவது. அப்போ கார் கனமாகும். இன்னொன்று, அதே இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிப்பது. வெளியே இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் காற்றைக் கொடுத்தால், 1.5 லிட்டர் இன்ஜின் கிட்டத்தட்ட 3 லிட்டர் இன்ஜின் சாப்பிடுகிற காற்றைச் சாப்பிடும். அப்படித் திணிக்கிற பம்புக்குத்தான் இரண்டு பெயர். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே. அந்தப் பம்பைச் சுத்த வைப்பது யார் என்பதில்தான் வித்தியாசம்.

2. சூப்பர்சார்ஜர்: விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி

சூப்பர்சார்ஜரை இன்ஜினே சுத்துது. கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் அல்லது பல்சக்கரம் வழியாக நேரடி இணைப்பு. நம்ம ஊர் மாவு மில்லில் மோட்டார் பெல்ட் போட்டுக் கல்லைச் சுத்துதே, அதேதான்.

இதில் பெரிய லாபம் என்னன்னா, தாமதமே கிடையாது. இன்ஜின் சுத்தினா பம்பும் சுத்தும். ஆக்சிலேட்டரை மிதிச்ச உடனே காற்று வந்துவிடும்.

நஷ்டம்? பம்பைச் சுத்துற சக்தி இன்ஜின் கையிலிருந்தே போகுது. அறுத்த நெல்லில் ஒரு பங்கை விதைக்கு எடுத்து வைக்கிறோமே, அது மாதிரி. அடுத்த விளைச்சல் கூடுதலாக வரும், ஆனால் அந்தப் பங்கை இப்போ சாப்பிட முடியாது. அமெரிக்காவில் நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸ் கார்களில், சூப்பர்சார்ஜரைச் சுத்த மட்டுமே நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் செலவாகும்!

இதுக்கு ஒரு உண்மைக் கதை உண்டு. 1929-ல் இங்கிலாந்தில் பென்ட்லி கம்பெனியின் 4½ லிட்டர் காரில் சூப்பர்சார்ஜர் வைத்தார்கள். "ப்ளோயர் பென்ட்லி" என்று பெயர். சாதாரணக் கார் 110 குதிரைத்திறன், இது 175. பந்தய ஓட்டுநர் டிம் பர்கின்தான் இதற்காகப் பாடுபட்டவர். ஆனால் கம்பெனியை ஆரம்பித்த டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு இது பிடிக்கவே இல்லை. சக்தி வேணும்னா பெரிய இன்ஜின் செய்வோம் என்பது அவர் கட்சி.

முடிவு என்ன ஆச்சு? 24 மணி நேரம் நிற்காமல் ஓடும் லெ மான்ஸ் பந்தயத்தில் 1929, 1930 இரண்டு வருடமும் ஜெயித்தது சூப்பர்சார்ஜர் இல்லாத 6½ லிட்டர் பென்ட்லி. 1930-ல் அங்கே ஓடிய ப்ளோயர் கார்கள் கடைசி வரை தாக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதே 1930-ல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் பர்கின் அதே வகைக் காரை ஓட்டி இரண்டாம் இடம் வாங்கினார். பார்த்தீங்களா? கார் மோசம் இல்லை. எந்த வேலைக்கு எது என்பதில்தான் விஷயம் இருக்கு.

3. டர்போ: வடிச்ச கஞ்சியை வீணாக்காத மாதிரி

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் பெரிய பங்கு சக்கரத்துக்கே போறதில்லை. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக சைலன்சர் வழியா வெளியே போயிடுது. சோறு வடிச்ச கஞ்சியை யாராவது சாக்கடையில் ஊத்துவாங்களா? மாட்டுக்கு வைப்போம். 1905-லேயே சுவிட்சர்லாந்து பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். வெளியே போகும் புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது புதுக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். அவ்வளவுதான் டர்போ.

எவ்வளவு வேகம் தெரியுமா? நம்ம வகுப்பு ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று. டர்போ 1 லட்சம் சுற்றுக்கும் மேலே! அது முழுக்க இலவசம் என்றும் சொல்ல முடியாது. புகையின் வழியில் ஒரு சக்கரம் குறுக்கே நிற்பதால் பிஸ்டன் அதைத் தள்ளக் கொஞ்சம் கூடுதலாகக் கஷ்டப்படணும். இருந்தாலும் சூப்பர்சார்ஜர் கேட்கிற விலையை விட இது குறைவு.

நஷ்டம் வேற இடத்தில் இருக்கு. மெதுவாகப் போகும்போது புகை குறைவு, அதனால் டர்போவும் மெதுவாகத்தான் சுத்தும். திடீர்னு மிதிச்சா, முதலில் புகை பெருகணும், பிறகு சக்கரம் வேகம் பிடிக்கணும், அப்புறம்தான் காற்று வரும். அடிபம்பில் தண்ணி வர்றதுக்குள் நாலு அடி சும்மா அடிக்கிறோமே, அந்தத் தாமதம். இதுக்குப் பேர் டர்போ லேக்.

இதுக்கும் ஒரு கதை. அப்போது ஃபார்முலா 1 விதியில் இரண்டு வழி இருந்தது: 3 லிட்டர் சாதாரண இன்ஜின், அல்லது காற்றைத் திணிக்கும் 1.5 லிட்டர் இன்ஜின். எல்லாரும் 3 லிட்டர் பக்கமே நின்றார்கள். 1977-ல் பிரான்சின் ரெனால்ட் மட்டும் 1.5 லிட்டர் டர்போவோடு இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இறங்கியது. டர்போ பழுதாகிப் பாதியிலேயே நின்றது. மஞ்சள் கார், அடிக்கடி வெள்ளைப் புகை. அதனால் "மஞ்சள் டீ பாத்திரம்" என்று கிண்டல் பண்ணினார்கள்.

ரெனால்ட் விடவில்லை. தாமதம்தான் எதிரி என்று தெரிந்துகொண்டு, 1979-ல் ஒரு பெரிய டர்போவுக்குப் பதிலாக இரண்டு சின்ன டர்போ வைத்தார்கள். சின்னச் சக்கரம் சீக்கிரம் வேகம் பிடிக்கும் இல்லையா? அதே வருடம் ஜூலை 1-ஆம் தேதி, சொந்த நாட்டில், தீஜோன் என்ற ஊரில், ழான் பியர் ழபூய் ஓட்டிய அந்தக் கார் முதல் பரிசு வாங்கியது. கிண்டல் பண்ணினவங்களும் சில வருடத்தில் டர்போவுக்கு மாறினார்கள். சக்தி எல்லை மீறிப் போனதால் 1988-க்குப் பிறகு டர்போவுக்குத் தடை வந்தது. 2014-ல் 1.6 லிட்டர் டர்போ இன்ஜினாகத் திரும்பி வந்தது.

மலையிலும் டர்போவுக்கு ஒரு தனிப் பலம் உண்டு. உயரம் போகப் போகக் காற்று மெலியும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சாதாரண இன்ஜின் சுமார் 1 சதவீதம் சக்தியை இழக்கும். தென் ஆப்பிரிக்காவின் கியாலாமி பந்தயத் தடம் சுமார் 1500 மீட்டர் உயரம். மற்ற கார்கள் அங்கே மூச்சு வாங்க, டர்போ மட்டும் இன்னும் வேகமாகச் சுத்தி ஈடு கட்டிக்கொண்டது. ரெனால்ட் 1980-லும் 1982-லும் அங்கே ஜெயித்தது.

4. இரண்டையும் வச்சா என்ன?

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1985-ல் இத்தாலியின் லான்சியா டெல்டா எஸ்4 ராலி கார். கீழ் வேகத்தில் சூப்பர்சார்ஜர், மேல் வேகத்தில் டர்போ. தாமதமும் இல்லை, மேலே சக்திக்கும் குறையில்லை. முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது.

ஆனால் 1986 மே மாதம் கோர்சிகா தீவில் அந்தக் கார் சாலையை விட்டு விழுந்து எரிந்தது. ஓட்டுநர் ஹென்றி தொய்வோனென், வழி சொல்லும் துணையாளர் செர்ஜியோ கிரெஸ்டோ இருவரும் இறந்துபோனார்கள். அதன் பிறகு, அந்த வருடத்தோடு, அந்த வகைக் கார்களையே ராலியில் நிறுத்திவிட்டார்கள். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், சண்டை போடுகிற நாம் எல்லாரும் "எவ்வளவு குதிரைத்திறன்?" என்று மட்டும்தான் கேட்கிறோம். பிரேக் தாங்குமா, டயர் தாங்குமா, ஓட்டுறவர் தாங்குவாரா என்று யாருமே கேட்பதில்லை.

5. இரண்டுக்கும் பொதுவான எதிரி: சூடு

செய்து பாருங்கள்: சைக்கிளுக்குக் காற்று அடித்த உடனே பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். சூடான காற்று விரியும், அதனால் திணித்த பலன் குறையும். பெட்ரோலும் நேரம் வருமுன்னே வெடிக்கும். "டக் டக்" என்று கேட்கும் அந்த நாக்கிங் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் நடுவில் இன்டர்கூலர் வைக்கிறார்கள். அது காற்றுக்கு ஒரு ரேடியேட்டர்.

சாதாரண இன்ஜினில் கடையில் வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. பிஸ்டன், ஹெட் கேஸ்கெட், ஆயில், பெட்ரோல் தெளிக்கும் அளவு எல்லாமே அதற்கு ஏற்றபடி இருக்கணும். இல்லைன்னா சேர்த்து வச்ச பணமும் போகும், இன்ஜினும் போகும்.

டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுத்துது. லாரி ஓட்டும் எங்க சித்தப்பா, மேடு ஏறி வந்தவுடன் இன்ஜினை நிறுத்த மாட்டார். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓட விட்டுத்தான் சாவியைத் திருப்புவார். "சூட்டோட நிறுத்தினா ஆயில் கருகிடும்மா" என்பார்.

6. அப்போ எதை எடுக்கலாம்?

அ) குறுகிய தூரம், அடிக்கடி நின்று புறப்படுவது, மிதிச்ச உடனே பாயணும்: சூப்பர்சார்ஜர். பெட்ரோல் கூட ஆகும்.

ஆ) நீண்ட தூரம், தொடர்ந்து வேகம், மலைப் பாதை, சின்ன இன்ஜின், எரிபொருளும் மிச்சம் ஆகணும்: டர்போ.

இ) இரண்டும் சேர்த்து: பணமும் பராமரிப்பும் இரண்டு மடங்கு. நல்ல மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும்.

என்னைக் கேட்டால், பந்தயக் காருக்கு டர்போதான் என்று சொல்வேன். காரணம், அது வீணாப் போறதை எடுத்து வேலை வாங்குது. அதன் ஒரே பெரிய குறை தாமதம். அதுவும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருது. 2014 முதல் 2025 வரை ஃபார்முலா 1 கார்களில் டர்போ தண்டிலேயே ஒரு மின் மோட்டாரை வைத்து, புகை வருமுன்னே அதைச் சுத்திவிட்டார்கள். சூப்பர்சார்ஜரோ எப்போதும் இன்ஜினிடமே கை நீட்டும். அந்தக் குணத்தை மாற்ற முடியாது.

உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், அடுத்த இதழில் ஒட்டுவோம். கத்தினால் சேர்க்க மாட்டோம்!

யோசித்து விடை எழுதுங்கள்:

1) 2 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுத்தினால் எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்?

2) ஊட்டி சுமார் 2200 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே ஏறக்குறைய எத்தனை சதவீதம் சக்தியை இழக்கும்?

3) ஒரு பெரிய டர்போவை விட இரண்டு சின்ன டர்போ ஏன் சீக்கிரம் வேகம் பிடிக்கும்?



– ஒன்பதாம் வகுப்பு மாணவி