கொற்கையும் கடல்தீவுகளும்: ஒருநாட் பயணம் தரும் பாடம்

முன்னுரை

சங்க இலக்கியம் கற்போர் அதன் நிலத்தையும் காணுதல் வேண்டும். இக்கருத்துடன் மாணவர்களை அழைத்துக்கொண்டு, திருநெல்வேலியிலிருந்து திருவைகுண்டம், ஏரல் வழியாகக் கொற்கைக்கும், பின்னர்த் தூத்துக்குடி முயல்தீவுக்கும் ஒருநாள் சென்றுவந்தோம். அப்பயணத்தில் அறிந்தவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கின்றது.

கடல் நீங்கிய துறை

அகநானூறு, ஐங்குறுநூறு, மதுரைக்காஞ்சி ஆகியன கொற்கை முத்தினைப் போற்றுகின்றன. கிரேக்கர் இவ்வூரைக் 'கொல்கொய்' என்றனர். நாணயம் அச்சிட்ட இடத்தை நினைவூட்டும் 'அக்கசாலை' என்னும் பெயர் இன்றும் இங்குள்ள கோயிற்பெயரில் வழங்குகின்றது. ஆயின், நாம் கண்டவை வயலும் வாழையுமே. "துறைமுகம் எங்கே ஐயா?" என வினவினான் ஒரு மாணவன்.

விடை பொருநையாற்றில் உள்ளது. ஆறு கொணர்ந்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்தது. கடல் சில கல் தொலைவு விலகிற்று. கொற்கை தளர, காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோபோலோ கண்ட காயல், அரபுநாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய பெருந்துறை. பின்னர் அதுவும் தளர, தூத்துக்குடி சிறந்தது. இவ்வரலாற்றைக் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் விளக்கியுள்ளார்.

கரையும் தீவுகள்

முயல்தீவு இன்று துறைமுகச் சாலையால் நிலத்தோடு இணைந்துள்ளது. அதன் கரையில் நின்று, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றி எடுத்துரைத்தோம். வான்தீவு, காசுவார், விலங்குசல்லி, காரியாச்சல்லி ஆகிய நான்கும் தூத்துக்குடியை அடுத்தவை. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றமையால் இத்தீவுகளில் இறங்குதல் கூடாது.

இத்தீவுகளைச் சூழ்ந்த பவளப்பார்கள் அலையின் வேகத்தைத் தடுக்கும் அரண்களாகும். சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அப்பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். அரண் அழியவே அலை மணலை அரித்தது. விலங்குசல்லியும், கீழக்கரைப் பகுதியிலுள்ள பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கின. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. பெரிதும் சுருங்கிய வான்தீவைக் காக்க, 2015 முதல் செயற்கைப் பார்கள் கடலடியில் அமைக்கப்பெற்றன. முத்துக்குளிப்போ 1961க்குப் பின் இங்கு நடைபெறவில்லை.

முடிவுரை

கொற்கையின் கடலை ஆறு விலக்கியது. அஃது இயற்கையின் செயல். தீவினை அலைக்கு இரையாக்கியது மனிதனின் ஆசை. முன்னதற்கு நாம் பொறுப்பல்லர், பின்னதற்குப் பொறுப்புடையோம். இறைவன் படைப்பை நாம் அடைக்கலமாகவே பெற்றுள்ளோம். "துறைமுகம் எங்கே?" என்ற வினாவிற்கு நம்மால் விடை கூற முடிந்தது. நாளைய மாணவன் "தீவுகள் எங்கே?" என வினவுவானாயின், நாணமின்றி விடை கூற நம்மால் இயலுமா என்பதை எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும்.